பரமண்ணை இறங்கி நின்ற இடம்

நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்குப் போகும் காலை பஸ்ஸில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். காட்டுத் துண்டுக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில், புளியங்குளம் சந்தி வருவதற்கு முன்னால், இடது கைப் பக்கம் ஒரு பாலை மரம் நிற்கும். அதன் கீழே தகரக் கொட்டகை, உள்ளே ஒரு பிள்ளையார், வாசலில் பூட்டுப் போட்ட உண்டியல். பஸ் அங்கே நிற்கும். சனம் இறங்கும், கற்பூரம் கொளுத்தும், திருநீறு பூசிக்கொண்டு திரும்ப ஏறும். எந்தக் காலத்துக் கோயில் என்று கேட்டால் வன்னி அரசர் காலத்தது என்பார்கள். அவ்வளவும் பச்சைப் பொய். அந்தக் கோயிலுக்கு வயது மூன்று. சாரதி பரமேஸ்வரனுக்கு நெஞ்சு அடைத்தபடியால் உண்டான கோயில் அது.

பரமேஸ்வரனுக்கு ஐம்பது வயது வரப்போகிறது. முத்தையன்கட்டுப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். வயலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. சில்லு உள்ள ஏதாவது இருந்தால் போதும், அதில் ஏறிவிடுவார். முதலில் இரண்டு சில்லு லான்ட்மாஸ்டர், பிறகு உழவு இயந்திரம், பிறகு லொறி, கடைசியில் பஸ். பரமண்ணையின் பஸ் என்றால் மடியில் முட்டையை வைத்துக்கொண்டு போகலாம் என்று சந்தைக்குப் போகும் பெண்கள் சொல்வார்கள். மனிதர் அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் ஹோர்ன் அடிப்பார், அவ்வளவுதான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு காலை, அந்தக் காட்டுத் துண்டில் ஒரு காரணமும் இல்லாமல் அவருக்கு நெஞ்சு இறுகியது. கை இரண்டும் வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. கண்ணின் ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. இப்போது நான் சாகப்போகிறேன், பின்னால் இருக்கிற இவ்வளவு சனத்தையும் கொண்டுபோய் மரத்தில் அடிக்கப்போகிறேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பஸ்ஸை ஓரங்கட்டினார். இறங்கி, கிட்ட நின்ற பாலை மரத்தடிக்குப் போய், இரண்டு கையையும் நெஞ்சில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் விட்டுப்போயிற்று.

இதைப் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்கு நிற்காமல் ஒரு வாகனமும் போகாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த சனம் இது. நடுக்காட்டில் பஸ் நின்றால் எங்களுக்கு ஒன்று யானை, இல்லாவிட்டால் பிள்ளையார். யானையைக் காணவில்லை. டிரைவர் கைகூப்பி நிற்கிறார். பிறகென்ன!

மறுநாளும் அதே இடத்தில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. அதற்கு அடுத்த நாள் அடைக்குமோ என்று பயந்தே அடைத்தது. மூன்றாம் நாள் ஒரு அம்மா தானும் இறங்கி மரத்தைக் கும்பிட்டார். அந்தக் கிழமை முடிவதற்குள் யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். பிறகு ஒரு கல் வந்தது, கல்லுக்குச் சந்தனப் பொட்டு வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்ற கனகலிங்கம் தினமும் வவுனியாவுக்குப் போய்வருகிறவர். அவர் ஒரு பரிபாலன சபையைக் கூட்டித் தானே தலைவரானார். தகரம் வந்தது, உண்டியல் வந்தது, கடைசியில் கல்லுக்குப் பதிலாகத் தும்பிக்கையோடு ஒரு பிள்ளையாரே வந்து இருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே மூச்சுப் பிடிக்க நின்ற இடம் பிள்ளையார் ஆனது.

பரமேஸ்வரன் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? சாரதிக்குப் பயம் என்று தெரிந்தால் யார் அந்தப் பஸ்ஸில் ஏறுவார்கள்? முதலாளி அன்றைக்கே வேறு ஆளைப் போட்டுவிடுவார். பஸ் ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது, வேறொன்றில் விருப்பமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் ஏறுகிற பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கண்ணாடியில் பார்க்கும்போது, இதுகளை நான் ஏமாற்றுகிறேனே என்று உள்ளுக்குள் குமைவார். சாமி டிரைவர் என்று அவருக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கமாக இருக்கும்.

இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தபிறகு, ஒரு நாள் மத்தியானம் வவுனியாவில் ஒரு டொக்ரரிடம் போனார். நெஞ்சுக்கு வயரெல்லாம் பூட்டிப் பார்த்த டொக்ரர், “இதயத்திலை ஒரு பிழையும் இல்லை. இது பதகளிப்பு,” என்றார்.

“பதகளிப்போ? அது பரீட்சை எழுதிற பிள்ளையளுக்கு வாறதெல்லோ, டொக்ரர்?”

“டிரைவர்மாருக்கும் வரும்,” என்ற டொக்ரர் மருந்து எழுதிக் கொடுத்து, உளவளத்துணைக்குப் போகச் சொன்னார். பரமேஸ்வரன் தலையைச் சொறிந்தார். ஆசுபத்திரியில் மற்றவர்களோடு வாங்கில் போய் இருந்தால் பாதி நெடுங்கேணிக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அப்போது டொக்ரர், போனிலேயே முகம் பார்த்துக் கதைக்கிற ஒரு சேவையின் இலக்கத்தைக் கொடுத்தார். வியாழக்கிழமைகளில் நேரம் கிடைத்தது. கதைக்கப்போகிறவர் யதுர்ஷிகா என்ற இளம் பெண், மட்டக்களப்பிலிருந்து.

முதல் வியாழன் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு அவர், வீடியோக் கோல் ஒன்று வரும் என்று மட்டும் சொல்லி, லீவு போட்டு வீட்டில் நின்றார். எங்கள் சனத்துக்கு வீடியோக் கோல் என்றால் கனடா. கனடா என்றால் நல்ல சட்டை போடவேண்டும். மனைவி நேசமலர் கதிரையைத் துடைத்து நடு ஹோலில் போட்டு, போனை அலுமாரியில் சாய்த்து வைத்து, தானும் தலை வாரி இழுத்துப் பவுடர் பூசிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். பக்கத்து வீட்டுச் சனமும் “தமையனோ, கனடாவோ?” என்று கேட்டுக்கொண்டு வந்து பின்னால் நின்றது. திரையில் யதுர்ஷிகா தோன்றி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“நாங்கள் எல்லாரும் நல்ல சுகம்!”

“அங்கை இப்ப குளிரோ, பிள்ளை?” என்று கேட்டார் நேசமலர்.

“இல்லை அக்கா, நான் மட்டக்களப்பிலை இருக்கிறன். இஞ்ச சரியான வெக்கை,” என்றாள் யதுர்ஷிகா. பிறகு தயங்கித் தயங்கி, அண்ணையோடு தனியாகக் கதைக்க முடியுமா என்று கேட்டாள்.

நேசமலரின் முகம் மாறியது. கோல் முடிந்தபிறகு வீட்டில் பெரிய பிரளயம். “என்னை வைச்சுக்கொண்டு கதைக்க ஏலாத கதை என்ன கதை? அதுவும் ஒரு குமர்ப்பிள்ளையோடை?” பரமேஸ்வரன் அன்றிரவு குசினி வாசலில் நின்று, இரண்டு வருடமாக நடப்பதை முதன்முதலாக மனைவிக்குச் சொன்னார். நேசமலர் புட்டு அவிப்பதை நிறுத்தி, அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். “அப்ப நானும் அந்த உண்டியலுக்குள்ளை காசு போட்டனானே, அறுவானே!” என்று திட்டிவிட்டு அழுதார். பிறகு, “போய்க் கதையுங்கோ. ஆனால் எனக்குச் சொல்லாமல் இனி ஒண்டும் வைச்சிருக்கப்படாது,” என்றார்.

அடுத்த வியாழனிலிருந்து அவர் பஸ்ஸுக்குள் இருந்தே கதைத்தார். வவுனியாவில் இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் பஸ் ஒரு மதிலோரம் நிற்கும். கதவைச் சாத்தி, கண்ணாடிகளை ஏற்றி, கடைசி இருக்கையில் போய் இருப்பார். ஆனால் வாய் வரவில்லை. “எப்பிடி அண்ணை?” என்றால், “நல்ல சுகம், மிஸ்.” வேறென்ன சொல்லத் தெரியும் அவருக்கு? இருபது வருடமாகக் கனடாவில் இருக்கிற தமையனுக்கு அதைத்தானே சொல்லிவருகிறார். டெங்கு வந்து ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், சேலைன் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு “நல்ல சுகம்” என்றவர். தூரத்தில் இருக்கிறவனைக் கவலைப்படுத்தக்கூடாது. அது எங்கள் ஊர்ச் சட்டம்.

இப்படி இன்னும் இரண்டு வியாழன் வீணாகப் போனபிறகு யதுர்ஷிகா சொன்னாள்: “அண்ணை, நான் கனடாவிலை இல்லை. நீங்கள் உண்மையைச் சொன்னால் நான் நித்திரை கொள்ளாமல் கிடந்து யோசிக்கமாட்டன். இது என்ர வேலை. எனக்குத் தாராளமாச் சொல்லலாம்.”

அந்த ஒரு சொல்லுக்கு மனிதர் உடைந்துபோனார். முன் இருக்கையின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அவள் அழவிட்டாள்.

பிறகு கதை வந்தது. அந்த இடத்தில் என்ன நடந்தது என்று அவள் கேட்டாள். ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் அவருக்கும் விளங்கவில்லை. வீடு வாசல் இல்லாத காடு, பின்னால் சனம், எல்லோரும் என் கையில். அவ்வளவுதான். கதைத்துக் கதைத்துப் போனபோது இரண்டாயிரத்து ஒன்பது, கடைசிச் சண்டைக் காலம், வந்தது. அப்போது அவர் உழவு இயந்திரப் பெட்டியில் சனத்தை ஏற்றிக்கொண்டு இடம் இடமாக ஓடியவர். பின்னால் யார் இருக்கிறார்கள், யாராவது விழுந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்காமல் ஓடவேண்டியிருந்தது. தன் பெட்டியில் ஏறிய எல்லோரையும் உயிரோடு இறக்கினார்.

“அப்ப எனக்குக் கை நடுங்கேல்லை, மிஸ். அப்ப வராத பயம் இப்ப ஏன் வருது?”

“அப்ப பயப்பிட உங்களுக்கு நேரம் இருக்கேல்லையே, அண்ணை.”

பரமேஸ்வரன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நேசமலருக்கும் சொன்னார்.

யதுர்ஷிகா சும்மா ஆறுதல் மட்டும் சொல்கிற ஆள் இல்லை. கறாரான பெண். ஓட்டத்தில் கூட இருக்கிற ஒருவருக்காவது இது தெரியவேண்டும், இல்லாவிட்டால் அவர் பஸ்ஸைத் தொடக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். கொண்டக்டர் கோகுலனுக்கும் கனரக லைசென்ஸ் இருந்தது. பரமேஸ்வரன் இரண்டு நாள் தொண்டையைச் செருமிவிட்டு, மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கடையில் வைத்து அவனிடம் சொன்னார்.

கோகுலன் வடையைக் கடித்தபடியே, “எனக்கு எப்பவோ தெரியும், அண்ணை,” என்றான்.

“எப்பிடியடா?”

“சாமி கும்பிடுற ஆள் செருப்பைக் கழட்டும். நீங்கள் ஒரு நாளும் கழட்டேல்லை.”

அன்றிலிருந்து காட்டுத் துண்டில் கோகுலன் டிக்கெட் போடுவதை நிறுத்தி, அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். ஏலாது என்று ஒரு சொல் சொன்னால் அவன் ஸ்டியரிங்கை எடுப்பான் என்று பேச்சு. அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டி வரவில்லை. யதுர்ஷிகா அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தாள்: “வயித்துக் குத்து மாதிரி அண்ணை, அது வரும், கூடும், பிறகு தானாக் குறையும். நீங்கள் குறையிறதுக்கு முதல் இறங்கிப்போடுறீங்கள். அதாலை, இறங்கினபடியாத்தான் தப்பினன் எண்டு உங்கட மனம் நம்பிக்கொண்டு இருக்கு.” மூச்சை ஆறுதலாக இழுத்து விடப் பழக்கினாள். கிழமைகள் போகப் போக இறங்கி நிற்கும் நேரம் குறைந்தது. ஒரு வியாழன், டொக்ரரும் சரி என்றபிறகு, அவள் சொன்னாள்: “இனி ஒரு நாள், நிப்பாட்டாமல் போய்ப் பாருங்கோ.”

அங்கேதான் சிக்கல். தன் பயத்தைத் தாண்டிப் போகலாம். கனகலிங்கத்தின் பிள்ளையாரைத் தாண்டி எப்படிப் போவது? வருகிற ஆவணியில் கும்பாபிஷேகம், ஆலயம் கண்ட அடியார் என்று பரமேஸ்வரனுக்குப் பொன்னாடை போர்த்துவதாகச் சபை தீர்மானித்திருந்தது. அவர் இதுவரை சொல்லாமல் விட்டிருந்த கோயில் கதையை யதுர்ஷிகா முழுவதும் கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. நான் படிச்ச ஒரு புத்தகத்திலையும் இது இல்லை.”

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் நிறுத்தாமல் போனார். பாலை மரம் தெரிந்தது. சனம் வழக்கம்போல் செருப்பைக் கழற்றத் தொடங்கியது. பரமேஸ்வரன் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கவில்லை. “பரமேஸ்வரன்! நில்லும்! பிள்ளையார்! பிள்ளையார் போட்டார்!” என்று கனகலிங்கம் எழும்பி நின்று கத்தினார். நெஞ்சு இறுகியது, கழுத்தால் வியர்வை ஓடியது. “வரட்டும், வந்திட்டுப் போகட்டும்,” என்று அவர் வாய்க்குள் முணுமுணுத்தார். கோகுலன் பக்கத்தில் நின்றான். புளியங்குளம் சந்தி வர, அது போயே போய்விட்டது. மூன்று வருடத்தில் முதல் தடவை! அவருக்குப் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கூத்தாட வேண்டும் போலிருந்தது.

ஆனால் பாருங்கள், ஓமந்தை கழிய ஒரு ரயர் காற்றுப் போயிற்று. காற்றுப் போகாத ரயர் உலகத்தில் உண்டா? சொன்னால் யார் கேட்பது! “பாத்தியளே, பாத்தியளே,” என்றது சனம். கோகுலன் ரயர் மாற்ற, தெருவோரத்தில் வைத்தே கனகலிங்கம் விசாரணையைத் தொடங்கினார். நேரம் பிந்திவிட்டது என்று ஒரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். பரமேஸ்வரனுக்குப் பொய் அலுத்துவிட்டது.

“ஐயா, நான் அதிலை ஒரு நாளும் சாமி கும்பிடேல்லை. எனக்கு நெஞ்சடைக்கும். பயம். அதுக்குத்தான் இறங்கினனான். இப்ப வைத்தியம் செய்யிறன், சுகமாகிக்கொண்டு வருது.”

கோகுலன் ரயரை விட்டுவிட்டு நிமிர்ந்தான். பிறகு பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: “அப்ப இவ்வளவு நாளும் விசரன்ர பஸ்ஸிலையோ போய் வந்தனாங்கள்?”

பைத்தியக்காரன் என்ற அந்தச் சொல் அவருக்குக் குத்தியது. எலும்பு வரைக்கும் குத்தியது. கனகலிங்கம் மட்டும் அசையவில்லை. “உம்மை அதிலை நிப்பாட்டினது ஆர் எண்டு நினைக்கிறீர்? பிள்ளையார்தான். உமக்கு விளங்கேல்லை,” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டார். பின்னேரத்துக்குள் செய்தி முதலாளிக்குப் போயிற்று. முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் முதலாளி. “நாளைக்குச் சனம் ஏறுதோ எண்டு பாப்பம், பரமேஸ்வரன். ஏறாட்டி நான் வேறை ஆளைத்தான் போடவேண்டி வரும். குறை நினையாதையும்,” என்றார்.

மறுநாள் காலை நெடுங்கேணிச் சந்தியில் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். வழக்கமாக ஏறுகிற சனம் கடைத் தாழ்வாரத்தில் நின்றது. ஒருவரும் கிட்ட வரவில்லை. அரசாங்க பஸ் வருமா என்று தெருவைத் தெருவைப் பார்த்தார்கள். கோகுலன் “வவுனியா, வவுனியா” என்று கத்திக் கத்திக் களைத்தான். பரமேஸ்வரன் முன் கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அப்போது விமலேஸ்வரி தெருவைக் கடந்து வந்து ஏறினார். வவுனியாவில் ஒரு தனியார் ஆசுபத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை. நாற்பது வயதிருக்கும். ஒரு வார்த்தை பேசாமல் மூன்றாவது இருக்கையில் போய் இருக்கிறவர். அன்றைக்கு இருக்கவில்லை. நேரே சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“இண்டைக்கும் நிப்பாட்டாமல் போறதோ, அண்ணை?” குரலில் நல்ல கோபம்.

“தங்கச்சி, அது கோயில் இல்லை. நேற்றுச் சொன்னனான்தானே.”

“எனக்கு அது கோயிலோ குட்டிச்சுவரோ, எனக்குத் தேவையில்லை.” அவர் குரலைத் தாழ்த்தினார். “என்ர மனுசன் முள்ளந்தண்டிலை காயப்பட்டுப் படுக்கையிலை. வீட்டிலை நான் அழுதால் அந்தாள் பாத்துக்கொண்டு கிடக்கும். வேலையிலை அழுதால் நிப்பாட்டிப்போடுவினம். பஸ்ஸுக்குள்ளை அழுதால் சனம் பாக்கும். சாமிக்கு முன்னாலை அழுதால் மட்டும்தான் ஒருத்தரும் ஏன் எண்டு கேளாயினம். எனக்கு இருக்கிறது அந்தக் கொஞ்ச நேரம்தான், அண்ணை. அதையும் நீங்கள் எடுத்துப்போட்டால் நான் எங்கை போறது?”

பரமேஸ்வரன் அவரைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடமாகத் தனக்குப் பக்கத்தில், அதே மரத்தின் கீழ் நின்று அழுதிருக்கிறாள் இந்த மனுசி. தன்னுடைய மூச்சைத் தவிர அவருக்கு வேறொன்றும் அங்கே கேட்கவில்லை.

“அந்த மட்டக்களப்புப் பிள்ளையின்ர நம்பர் தரட்டோ?” என்று கேட்டார்.

“எனக்கு உதுகளோடை கதைக்கத் தெரியாது.”

“எனக்கும் தெரியேல்லை. நான் கிழமைக் கணக்கா நல்ல சுகம், நல்ல சுகம் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தனான். அவா பொறுத்துக்கொண்டு இருந்தவா.”

விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “தாங்கோ, பாப்பம். ஆனால் நீங்கள் அதிலை நிப்பாட்டவேணும்.”

“நிப்பாட்டுறன்.”

விமலேஸ்வரி போய்த் தன் இருக்கையில் இருந்தார். தாழ்வாரத்தில் நின்ற சனம் இதை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. என்ன கதைத்தார்கள் என்று அவர்களுக்குக் கேட்டிருக்காது. ஒரு பெண் ஏறிவிட்டாள், இறங்கி ஓடவில்லை, அது தெரிந்தது. தேங்காயோடு நின்ற கனகலிங்கம், “நேரமாகுது, ஏறுங்கோவன்,” என்று எல்லோருக்கும் கட்டளை போட்டுக்கொண்டு ஏறினார். பிறகு ஒருவர், பிறகு இரண்டு பேர், பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லோரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் இருக்கைகள் நிரம்பின.

பாலை மரத்தடியில் பரமேஸ்வரன் பஸ்ஸை ஓரங்கட்டினார். சனம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியது. கனகலிங்கம் படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“நீர் இறங்கேல்லையோ?”

“இல்லை ஐயா, நான் இதிலை இருக்கிறன். நீங்கள் ஆறுதலாப் போட்டு வாங்கோ.”

கற்பூரம் எரிந்தது. விமலேஸ்வரி கொட்டகையின் ஓரமாக, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்குவது கண்ணாடியில் தெரிந்தது. பரமேஸ்வரன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சனம் ஒவ்வொன்றாக ஏறி முடிந்தது. பிந்திவிட்டது என்று பின்னால் யாரோ முறுமுறுத்தார்கள். கோகுலன் மணி அடிக்கக் கையைத் தூக்கினான். பரமேஸ்வரன் தலையை ஆட்டி மறித்தார். விமலேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மூன்றாவது இருக்கையில் இருக்கும் வரைக்கும் அவர் கியர் போடவில்லை.